ஆர்.வி.யில் குடியேறும் முன்: கரண்ட், கேஸ், தண்ணீர், கணக்கு

அமெரிக்காவில் அபார்ட்மென்ட்டைக் காலி செய்துவிட்டு ஆர்.வி. என்கிற சக்கர வீட்டிலேயே முழுநேரமாகக் குடியேறும் யோசனை ஒரு காலத்தில் ஓய்வுபெற்றவர்களுக்குத்தான் வரும். இப்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் இளையவர்களுக்கும் வருகிறது. நம்மவர்களிலும் சிலர் விசாரிக்கிறார்கள். விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த வண்டி வாங்கலாம்?" இல்லாவிட்டால், "எத்தனை சோலார் பேனல் போடலாம்?" பதில் சொல்வதற்கு முன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மாதத்துக்கு எத்தனை முறை இடம் மாறுவீர்கள், எங்கே நிறுத்துவீர்கள்? பேட்டரி, ஃப்ரிட்ஜ், இன்டர்நெட், மாதச் செலவு எல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் முடிவாகும்.

முதலில் நிறுத்துமிடம், அப்புறம் வண்டி

நிறுத்துவதில் மூன்று வகை உண்டு. கரண்ட், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றும் கிடைக்கும் ஆர்.வி. பார்க் முதல் வகை. இதை ஃபுல் ஹூக்கப் என்பார்கள். மாநிலப் பூங்கா, தேசியக் காடு போன்றவற்றின் கேம்ப்கிரவுண்ட் இரண்டாவது. அங்கே கரண்ட் இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் இல்லை. எந்த வசதியும் இல்லாத பொதுநிலம் மூன்றாவது. அங்கே தங்குவதற்குப் பூண்டாக்கிங் என்று பெயர். மேற்கு மாநிலங்களில் பி.எல்.எம். என்கிற மத்திய அரசுத் துறையின் நிலங்களில் பொதுவாக 28 நாளில் 14 நாள் வரை ஒரே பகுதியில் இலவசமாகத் தங்கலாம். அரிசோனாவில் குவார்ட்ஸைட் ஊரைச் சுற்றி அதே துறை நீண்டகால முகாம்களையும் வைத்திருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரையிலான பர்மிட்டின் கட்டணம் பல ஆண்டுகளாக 180 டாலராக இருந்து வந்தது. குளிர்காலத்தில் அந்தப் பாலைவனமே ஒரு ஊராக மாறிவிடும்.

பார்க்கிலேயே மாதக்கணக்கில் தங்கப் போகிறவருக்குக் கூரை நிறைய சோலார் தேவையே இல்லை. பாலைவனத்தில் தங்க ஆசைப்படுகிறவருக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் எந்த வகை தனக்குச் சரிப்படும் என்று வாங்கும் நாளில் பலருக்குத் தெரியாது. அதனால் என் யோசனை இதுதான்: முதலில் ஓரிரு வாரம் வாடகை வண்டியில் போய்ப் பாருங்கள். சொந்த வண்டி வாங்கிய பிறகும் முதல் பருவத்தை ஹூக்கப் உள்ள இடங்களில் கழியுங்கள். பெரிய மின் மாற்றங்களை அதுவரை தள்ளிப் போடுங்கள். ஆர்.வி. கடைக்காரருக்கு இது பிடிக்காது.

வண்டி வாங்கும்போது

படுக்கைக்கும் சோபாவுக்கும் பிறகு பார்ப்பதை எல்லாரும் முதலில் பார்க்க வேண்டும்: எடை. கதவருகே ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில், ஆட்களும் சாமான்களும் சேர்த்து எத்தனை பவுண்டு ஏற்றலாம் என்று போட்டிருக்கும். இழுவை டிரெய்லராக இருந்தால் சாமான் அளவு மட்டும் இருக்கும். ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு. 50 கேலன் டேங்க் நிரம்பினாலே 415 பவுண்டுக்கு மேல் போய்விடும். மிச்சத்தில்தான் பாத்திரம், துணி, புத்தகம், அரிசி மூட்டை, கிரைண்டர் எல்லாம் அடங்க வேண்டும். முழுநேரம் குடியிருப்பவர்கள் வார இறுதிக்குப் போகிறவர்களைவிட எவ்வளவோ அதிகம் ஏற்றுவார்கள். எல்லாம் ஏற்றி முடித்ததும் லாரிகள் நிற்கும் ட்ரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேலில் ஒருமுறை எடை போட்டுவிடுங்கள். செலவு ஒரு சாப்பாட்டுக் காசுதான்.

எடைக்கு அடுத்தது டயர். டிரெய்லர் டயர் தேய்ந்து கெடுவதைவிட வயதாகிக் கெடுவதே அதிகம். பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளில் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் ஐந்தாறு வருடம் தாண்டியதை மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். வெடிக்கும் டயர் தான் மட்டும் போகாமல் மேலே இருக்கும் தரை, குழாய், ஒயர் எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு போகும். ஒவ்வொரு டயரின் காற்றழுத்தத்தையும் ஓட்டுநருக்குக் காட்டும் டி.பி.எம்.எஸ். கருவியை முதல் நாளே வாங்கிவிடலாம்.

புது வண்டி என்றாலும் தனியாக ஒரு இன்ஸ்பெக்டரை அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். தேசிய ஆர்.வி. இன்ஸ்பெக்டர்கள் சங்கத்தின் சான்றிதழ் பெற்றவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். கூரை, தண்ணீர்க் கசிவு, கேஸ் கசிவு என்று பல மணி நேரம் பார்த்துப் படத்தோடு அறிக்கை தருவார்கள். கூடாது என்று விற்பவர் சொன்னால் அதுவே ஒரு தகவல்.

கடன் வாங்குகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 60,000 டாலர், 9 சதவீத வட்டி, 15 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 609 டாலர். கடன் முடியும்போது வட்டி மட்டும் ஏறக்குறைய 49,500 டாலர் கட்டியிருப்பீர்கள். வண்டியின் விலையோ முதல் நாளிலிருந்தே இறங்கிக்கொண்டிருக்கும். நாலு வருடம் கழித்து விற்க நினைத்தால் கையில் வருவதைவிடக் கடன் பாக்கி அதிகமாக இருக்கலாம். சில வருடம் பழைய வண்டியை ரொக்கத்தில் வாங்குவதையே நான் சிபாரிசு செய்வேன். இன்னொன்று: முழுநேரக் குடியிருப்பு என்று சொன்னால் பல வங்கிகள் கடன் தருவதில்லை, பல கம்பெனிகளின் வாரன்ட்டியிலும் அது விலக்காக எழுதப்பட்டிருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள். மறைத்து வாங்கினால் பிறகு இன்சூரன்ஸ் கேட்கும்போது மாட்டுவீர்கள். இன்சூரன்ஸிலும் ஃபுல்-டைமர் பாலிசி என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டுக்கு வந்தவர் படியில் விழுந்தால் வருகிற பொறுப்பு, உள்ளே இருக்கும் உடைமைகள் ஆகியவை அதில்தான் அடங்கும்.

கரண்ட்: ஒரே வண்டியில் இரண்டு உலகம்

ஆர்.வி.க்குள் இரண்டு மின்சாரம் ஓடுகிறது. விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டரின் விசிறி, கன்ட்ரோல் போர்டுகள் எல்லாம் 12 வோல்ட், பேட்டரியிலிருந்து வருவது. ஏ.சி., மைக்ரோவேவ், சுவர் பிளக் எல்லாம் 120 வோல்ட். வெளியே பெடஸ்டல் என்கிற மின்கம்பத்தில் செருகினால் வருவது, இல்லையென்றால் ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ தருவது. செருகியிருக்கும்போது கன்வெர்ட்டர் என்ற பெட்டி 120-ஐ 12 ஆக்கிப் பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றும். எது எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டாலே பாதிப் பழுதுகளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

கம்பத்தில் 30 ஆம்ப், 50 ஆம்ப் என இரண்டு வகை. 20 ஆம்ப்தானே வித்தியாசம் என்று தோன்றும். 30 ஆம்ப் என்பது ஒரே ஒரு 120 வோல்ட் லைன். மொத்தம் 3,600 வாட். 50 ஆம்ப் பிளக்கில் 50 ஆம்ப் வீதம் அப்படி இரண்டு லைன் இருக்கிறது. மொத்தம் 12,000 வாட். மூன்று மடங்குக்கும் மேல். 30 ஆம்ப் வண்டியில் ஏ.சி. ஓடும்போதே சுமார் 12 முதல் 15 ஆம்ப் எடுத்துக்கொள்ளும். அதோடு மைக்ரோவேவையும் கரண்டில் ஓடும் வாட்டர் ஹீட்டரையும் போட்டால் பிரேக்கர் விழும். இட்லிப் பாத்திரம் இண்டக்ஷனில் இருக்கும்போது வாட்டர் ஹீட்டரை கேஸுக்கு மாற்றிவிடுவது போன்ற பழக்கங்கள் ஒரு வாரத்தில் தானாக வந்துவிடும். 1,500 வாட் ரூம் ஹீட்டரை இரவு முழுக்க ஒரே பிளக்கில் ஓட்டுவதை மட்டும் தவிருங்கள். ஆர்.வி. சுவர் பிளக்குகளும் கம்பத்தின் தேய்ந்த சாக்கெட்டும் அந்தச் சூட்டுக்குத் தாங்காமல் உருகுவது சகஜம்.

வண்டிக்காக வாங்கும் முதல் மின்சாதனம், வரும் கரண்டைக் கண்காணிக்கும் ஈ.எம்.எஸ். கருவியாக இருக்கட்டும். வெறும் சர்ஜ் புரொடெக்டர் இடி மின்னலுக்கு மட்டும் உதவும். ஈ.எம்.எஸ். வோல்டேஜ் 104-க்குக் கீழே போனாலும் 132-க்கு மேலே ஏறினாலும் இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த் இல்லாத கம்பத்தையும் தவறாக ஒயர் செய்த கம்பத்தையும் காட்டிக்கொடுக்கும். கோடை மதியத்தில் பார்க் முழுவதும் ஏ.சி. ஓடும்போது வோல்டேஜ் இறங்கும், ஏ.சி. கம்ப்ரஸர்கள் சாவது அப்போதுதான். நண்பர் வீட்டு வாசலில் நிறுத்துகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: 30 ஆம்ப் ஆர்.வி. சாக்கெட் போடச் சொன்னால் சில எலக்ட்ரீஷியன்கள் துணி உலர்த்தும் மெஷினுக்கு என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடுவார்கள். செருகிய நொடியில் வண்டியின் எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் போய்விடும். மல்டிமீட்டரில் 120 காட்டுகிறதா என்று பார்த்த பிறகே செருகுங்கள். எங்கே செருகினாலும் கம்பத்து பிரேக்கரை ஆஃப் செய்துவிட்டுச் செருகி, பிறகு ஆன் செய்யுங்கள்.

இனி பேட்டரி. 100 ஆம்ப்-அவர் லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் ஏறக்குறைய முழுவதையும், அதாவது 1,280 வாட்-அவரையும் எடுக்கலாம், எடையும் பாதிதான். இதில் கவனிக்க வேண்டியவை: உறைநிலைக்குக் கீழே, அதாவது 32 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, லித்தியத்துக்கு சார்ஜ் ஏற்றக் கூடாது, ஏற்றினால் செல் நிரந்தரமாகக் கெடும். ஆகவே வண்டிக்கு உள்ளே வையுங்கள், அல்லது உள்ளேயே சூடேற்றும் வசதி உள்ளதை வாங்குங்கள். பழைய கன்வெர்ட்டரையும் லித்தியத்துக்கு ஏற்றதாக மாற்ற வேண்டும். ஓடும்போது எஞ்சினிலிருந்து சார்ஜ் ஏற நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர் வேண்டும், நேராக இணைத்தால் ஆல்டர்னேட்டர் சூடாகிவிடும்.

எத்தனை பேட்டரி என்பதற்கு மனக்கணக்கு போதும். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் நாளுக்கு 600 முதல் 900 வாட்-அவர். 1,800 வாட் இண்டக்ஷனில் இருபது நிமிடச் சமையல் 600 வாட்-அவர். இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் அந்தச் சமையலுக்கே ஒரு 100 ஆம்ப்-அவர் பேட்டரியில் பாதி காலி. ஏ.சி.யோ ஒரு மணி நேரத்திலேயே அந்தப் பேட்டரியை முழுசாகத் தின்றுவிடும். சோலாரில் ஏ.சி. ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். 400 வாட் பேனல் நல்ல கோடை வெயிலில் நாளுக்கு ஒன்றரை யூனிட்டிலிருந்து இரண்டு யூனிட் வரை தரும். கூரையில் படுத்த நிலையில் இருக்கும் பேனல் டிசம்பரில் அதில் பாதிகூடத் தராது. வெப்பத்துக்குத் தீர்வு மலை ஏறுவதும் வடக்கே போவதும்தான். சக்கரம் எதற்கு இருக்கிறது?

மிக்ஸி விஷயத்துக்கு வருவோம். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸிக்கு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் தேடுவதைவிட அமெரிக்காவுக்கென்றே 110 வோல்ட்டில் விற்கும் பிரீத்தி, அல்ட்ரா போன்ற மாடல்களை வாங்குவது மேல். அந்தக் கனமான டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. மோட்டார் உள்ள சாதனம் என்பதால் இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். மலிவான மாடிஃபைடு வகையில் மோட்டார் உறுமும், சூடாகும். கிரைண்டர் கரண்ட் அதிகம் எடுக்காது, ஆனால் கல்லின் எடை எடைதான். மாவு புளிக்க வைப்பதற்குக் குளிர்காலத்தில் இன்ஸ்டன்ட் பாட்டின் தயிர் பட்டன் போதும்.

ஃப்ரிட்ஜும் கேஸும்

பழைய வண்டிகளில் இருப்பது அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ். இதில் கம்ப்ரஸர் இல்லை. அம்மோனியாவும் தண்ணீரும் கலந்த திரவத்தைச் சூடாக்கி, அது ஆவியாகிச் சுற்றி வரும்போது உள்ளே குளிர்கிறது. 1922இல் ஸ்வீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை. கேஸிலும் ஓடும், கரண்டிலும் ஓடும், சத்தமே இருக்காது. கேஸில் ஓடினால் 20 பவுண்டு சிலிண்டர் இரண்டு வாரமாவது வரும். குறை என்னவென்றால், திரவம் தானாக வழிந்து இறங்க வேண்டும் என்பதால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும். சாய்வாக நிறுத்திப் பல மணி நேரம் ஓட்டினால் உள்ளே உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். அதைச் சரிசெய்ய வழியில்லை, யூனிட்டையே மாற்ற வேண்டியதுதான். குளிர ஒரு இரவு முழுக்க எடுக்கும் என்பதால் கிளம்புவதற்கு முந்தின நாளே ஆன் செய்யுங்கள். ஃப்ரிட்ஜில் அம்மோனியா நெடி அடித்தாலோ பின்பக்கம் மஞ்சள் பொடி தெரிந்தாலோ உடனே நிறுத்தி விடுங்கள்.

புது வண்டிகளில் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜே அதிகம். வேகமாகக் குளிரும், சாய்வைப் பற்றிக் கவலையில்லை, வெயிலிலும் தயிர் புளிக்காது. பேட்டரியும் கொஞ்சம் சோலாரும் இருந்தால் இதுதான் என் தேர்வு. பேட்டரி இல்லாமல் பூண்டாக்கிங் போகிறவர்களுக்குப் பழைய வகை இன்னும் பயன்படும்.

கேஸை அதிகம் குடிப்பது அடுப்பு இல்லை, ஃபர்னஸ் என்கிற அறை ஹீட்டர். 20 பவுண்டு சிலிண்டரில் சுமார் 4,30,000 பி.டி.யூ. வெப்பம் இருக்கிறது, மணிக்கு 30,000 பி.டி.யூ. எடுக்கும் ஃபர்னஸ் நிற்காமல் ஓடினால் 14 மணி நேரத்தில் காலி. உறையும் குளிரில் ஒரு சிலிண்டர் இரண்டு மூன்று இரவுதான். அதன் விசிறி பேட்டரியிலிருந்தும் நிறைய எடுக்கும். கேஸ் இருந்தும் பேட்டரி இறங்கி விடியற்காலையில் நின்றுபோகும் ஃபர்னஸ் கதைகள் ஏராளம். இன்னொரு பக்கம், கேஸ் எரிந்தால் நீராவி வரும். அடுப்பைக் குளிருக்காக எரியவிட்டால் ஜன்னல் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கார்பன் மோனாக்சைடு ஆபத்தும் உண்டு. எப்போதும் கூரை வென்ட்டைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். தாளிப்புப் புகைக்கு ஸ்மோக் அலாரம் கத்தும். கடுகு வெடிக்கும் வேலைகளுக்கு வெளியே ஒரு சின்ன அடுப்பு வைத்துக்கொள்வதுதான் நிம்மதி. கேஸ் கசிவு, கார்பன் மோனாக்சைடு அலாரங்களுக்கு ஆயுள் ஐந்து முதல் ஏழு வருடம் அல்லது கருவியின் பின்னால் போட்டிருக்கும் தேதி. விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

சிலிண்டர் சுமக்கும் வண்டியைச் சில சுரங்கப்பாதைகளில் விடமாட்டார்கள். பால்டிமோர் துறைமுகச் சுரங்கப்பாதை அப்படி ஒன்று. கார் ஜி.பி.எஸ்ஸை நம்பாமல், உயரமும் கேஸும் பார்த்து வழி சொல்லும் ஆர்.வி. ஜி.பி.எஸ். வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் டேங்கும்

நல்ல தண்ணீர், சிங்க்கிலும் குளியலிலும் இருந்து வரும் சாம்பல் நீர், டாய்லெட்டிலிருந்து வரும் கறுப்பு நீர் என்று மூன்று டேங்க். குழாயில் இணைக்கும் முன் பிரஷர் ரெகுலேட்டர் போடுங்கள். சில பார்க்குகளில் அழுத்தம் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் வரும், ஆர்.வி. குழாய்க்கு 40 முதல் 60 போதும். குடிநீருக்கென்று விற்கும் வெள்ளை ஹோஸ் தனி, கழுவும் ஹோஸ் தனி.

ஹூக்கப் இருக்கிறதே என்று கறுப்பு டேங்க் வால்வைத் திறந்தே வைப்பது புதிதாக வருபவர்கள் எல்லாரும் செய்ய நினைப்பது. அப்படிச் செய்தால் தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மற்றது உள்ளேயே காய்ந்து இறுகும். மூடி வையுங்கள், முக்கால் நிரம்பியதும் திறங்கள். முதலில் கறுப்பு, அப்புறம் சாம்பல். சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவும் நம் பழக்கம் இந்த டேங்குக்கு நல்லது, காகிதத்தைவிட. ஆனால் பாலைவனத்தில் நிற்கும்போது அதே பழக்கம் நல்ல தண்ணீர் டேங்கை வேகமாகக் காலி செய்யும். சாம்பார், எண்ணெய், அரிசி கழுவிய மிச்சம் எதையும் சிங்க்கில் விடாதீர்கள். நாறுவது பெரும்பாலும் சாம்பல் டேங்க்தான். பாத்திரத்தை டிஷ்யூவால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

வாட்டர் ஹீட்டரில் தண்ணீர் நிரம்பியிருக்கிறது என்று தெரியாமல் கரண்ட் சுவிட்சைப் போடக் கூடாது; உள்ளே சூடேற்றும் கம்பி சில நிமிடத்தில் எரிந்துவிடும். வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் சீராக வருவதைப் பார்த்தபின் போடுங்கள். சபர்பன் வகை ஹீட்டரில் துருவைத் தான் வாங்கிக்கொள்ளும் அனோடு ராடு இருக்கும். வருடம் ஒருமுறை கழற்றிப் பார்த்து மாற்ற வேண்டும்.

இன்டர்நெட்

பார்க்கின் வைஃபை மெயில் பார்க்க உதவும். வீடியோ மீட்டிங்குக்கு நம்பாதீர்கள். வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு தனித்தனி வழி வேண்டும். வெரைசன், ஏ.டி. அண்ட் டி., டி-மொபைல் மூன்றில் ஏதாவது இரண்டு கம்பெனியின் சிம் ஒரு வழி. ஒன்றுக்கு சிக்னல் இல்லாத இடத்தில் மற்றதுக்கு இருக்கும். அன்லிமிடெட் என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஹாட்ஸ்பாட்டுக்கு எத்தனை ஜி.பி.க்குப் பிறகு வேகம் குறையும் என்று பாருங்கள். இரண்டாவது ஸ்டார்லிங்க். டவர் இல்லாத பள்ளத்தாக்கிலும் வரும், ஆனால் வானம் தெரிய வேண்டும், அமெரிக்காவில் குறிப்பாக வடக்குப் பக்கம். மரம் அடர்ந்த கேம்ப்கிரவுண்டில் சில நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துகொண்டே இருக்கும். கரண்டும் கணக்கில் வரும்: 60 வாட் எடுக்கும் டிஷ் நாள் முழுக்க ஓடினால் 1,440 வாட்-அவர், ஒரு லித்தியம் பேட்டரிக்கு மேல். மினி மாடல் அதில் பாதி எடுக்கும். தூங்கும்போது அணைத்து வையுங்கள்.

முகவரி, வரி, விசா

ஓடுகிற வீட்டுக்கும் அமெரிக்க அரசு ஒரு நிலையான முகவரி கேட்கும். டிரைவிங் லைசென்ஸ், வண்டிப் பதிவு, இன்சூரன்ஸ், வரி எல்லாம் அதில்தான் நிற்கின்றன. முழுநேர ஆர்.வி.க்காரர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது சவுத் டகோட்டா, டெக்சாஸ், ஃபுளோரிடா. மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை; தபாலை வாங்கி அனுப்பும் நிறுவனங்கள் நிறைய. 1978இல் தொடங்கி, டெக்சாஸின் லிவிங்ஸ்டன் ஊரில் தலைமையகம் வைத்திருக்கும் எஸ்கேப்பீஸ் என்ற ஆர்.வி.க்காரர்கள் சங்கம் இந்த வேலையை நெடுங்காலமாகச் செய்கிறது. சவுத் டகோட்டாவில் ஒரு இரவு தங்கிய ரசீதும் உறுதிமொழிப் பத்திரமும் வைத்து லைசென்ஸ் எடுக்கும் நடைமுறை உண்டு. வாக்களிக்க மட்டும் 2023 முதல் 30 நாள் வசிப்பு வேண்டும். தபால் நிறுவனத்தில் சேர 1583 என்ற தபால் துறைப் படிவத்தை நோட்டரி முன் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

வங்கிகள் தபால் பெட்டி முகவரியை ஏற்காமல் அடம் பிடிக்கும். வசிக்கும் முகவரி இல்லாதவர்கள் நெருங்கிய உறவினரின் முகவரியைத் தரலாம் என்று வங்கி விதியிலேயே இடமிருக்கிறது. பழைய முகவரி கையில் இருக்கும்போதே வங்கி, கிரெடிட் கார்டு வேலைகளை முடித்துக்கொள்வது எளிது.

முகவரி டெக்சாஸில் இருந்தால் வரியே இல்லை என்று நினைக்காதீர்கள். உட்கார்ந்து வேலை செய்யும் மாநிலமும் கேட்கும். கலிபோர்னியாவில் வண்டியை நிறுத்தி மாதக்கணக்கில் லேப்டாப்பைத் திறந்தால் அந்த வருமானம் கலிபோர்னியாவின் வரிக்குள் வரும். நியூயார்க்கோ, கம்பெனி அங்கே இருந்து நீங்கள் உங்கள் வசதிக்காக வெளியே இருந்தால்கூடக் கேட்கும். எந்த மாநிலத்தில் எத்தனை நாள் என்று காலண்டரில் குறித்து வையுங்கள்; கம்பெனியின் எச்.ஆருக்கும் சொல்லிவிடுங்கள்.

மருத்துவ இன்சூரன்ஸ்தான் முகவரியைத் தீர்மானிக்க வேண்டும், வரி அல்ல என்பது என் கருத்து. மார்க்கெட்பிளேஸ் என்கிற அரசின் இன்சூரன்ஸ் சந்தையில் வாங்கும் பிளான்கள் பல அந்த மாநிலத்து டாக்டர்களோடு நின்றுவிடும். வெளி மாநிலத்தில் அவசர சிகிச்சைக்கு மட்டும் பணம் தரும். மாதாமாத சர்க்கரைப் பரிசோதனைக்குத் தராது. 65 தாண்டியவர்களுக்கு மத்திய அரசின் மருத்துவ இன்சூரன்ஸான அசல் மெடிகேர் நாடு முழுக்கச் செல்லும். அதற்குப் பதிலாகத் தனியார் கம்பெனிகள் தரும் அட்வான்டேஜ் பிளான் எடுத்தால் திரும்பவும் நெட்வொர்க் தொல்லை.

நம்மவர்கள் மறக்கக் கூடாதது விசா. ஹெச்-1பி என்கிற வேலை விசாவின் அனுமதி, மனுவில் சொன்ன வேலை இடத்தோடு கட்டுண்டது. வீட்டிலிருந்து வேலை என்றால் அந்த வீடுதான் வேலை இடம். அதே பெருநகரப் பகுதியைத் தாண்டி மாறினால் பொதுவாகக் கம்பெனி திருத்த மனு போட வேண்டும். 2015லேயே இது தெளிவாகத் தீர்ப்பாகிவிட்டது. ஆகவே ஹெச்-1பியில் இருக்கிறவர்களுக்கு முழுநேர ஆர்.வி. இப்போதைக்கு வேண்டாம் என்பேன், விடுமுறைக்குப் போங்கள். கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கு அந்தக் கட்டு இல்லை, ஆனால் முகவரி மாறிய 10 நாளுக்குள் ஏ.ஆர்.-11 படிவத்தை ஆன்லைனில் நிரப்பும் கடமை அவர்களுக்கும் உண்டு. ஊர் ஊராகப் போகும் வாழ்க்கையில் எதை முகவரி மாற்றமாகக் கொள்வது என்பதை ஒரு குடியேற்ற வக்கீலிடம் ஒருமுறை கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாதச் செலவு

ஒரே தம்பதி, ஒரே வண்டி, இரண்டு விதமாக வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்டி கேலனுக்கு 10 மைல் தருகிறது, எரிபொருள் கேலன் 3.50 டாலர். முதல் மாதம் 2,000 மைல் ஓட்டி, இரவுக்கு 50 டாலர் வீதம் 30 இரவு தங்கினால்: எரிபொருள் 700, இடம் 1,500, மொத்தம் 2,200. அடுத்த மாதம் ஒரே பார்க்கில் மாத வாடகை 800, தனி மீட்டரில் கரண்ட் 120, 500 மைலுக்கு எரிபொருள் 175; மொத்தம் 1,095. பாதிக்குப் பாதி. எந்த சோலார் பேனலும் எந்தத் தள்ளுபடி அட்டையும் இந்த வித்தியாசத்தைத் தராது. மெதுவாக நகருங்கள். மாத வாடகை பேசும்போது கரண்ட் சேர்த்தா தனியா என்று கேட்டுவிடுங்கள்; தெற்கே கோடையில் ஏ.சி.க்கான பில் கனமாக வரும்.

தள்ளுபடிகளில் நிஜமாகப் பயன் தருவது மத்திய அரசின் சீனியர் பாஸ். 62 வயது நிரம்பிய குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் 80 டாலரில் ஆயுள் முழுவதற்கும் வாங்கலாம். தேசியப் பூங்கா நுழைவு இலவசம், பல மத்திய அரசு கேம்ப்கிரவுண்டுகளில் பாதிக் கட்டணம். இங்கேயே குடியிருக்கும் அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு இருந்தால் முதலில் இதை வாங்கிக்கொடுங்கள். தனியார் மெம்பர்ஷிப்களை ஒரு வருடம் கழித்து யோசிக்கலாம்.

பழுதுக்கென்று தனிக் கணக்கில் பணம் வையுங்கள், அதில் ஹோட்டல் வாடகையும் சேரட்டும். ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டால் வாரக்கணக்கில் ஆகும். அது உங்கள் வீடும்கூட. பார்க்குக்கே வந்து பழுது பார்க்கும் மொபைல் டெக்னீஷியனுக்கு மணிக்கணக்கில் காசு அதிகம் போனாலும், வீடு உங்களிடமே இருக்கும். ரோட்டில் நின்றுபோனால் சாதாரண கார் டோயிங் திட்டம் ஆர்.வி.யை இழுக்காது. உங்கள் வண்டியின் நீளத்தையும் எடையையும் சொல்லி, டிரெய்லரும் சேர்த்து இழுப்பார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.